நானுஓயாவுக்கு எந்தக் கேம் பெட்டி?

பிளேஸ்டேஷன் கணக்குத் தொடங்கப் போனால் நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்காது. இந்தியா என்றோ இங்கிலாந்து என்றோ பொய் சொல்லித்தான் உள்ளே நுழையவேண்டும். 2024 மே மாதம், 'ஹெல்டைவர்ஸ் 2' விளையாட்டைக் கணினியில் ஆடுகிறவர்களும் இந்தக் கணக்கை வைத்திருக்கவேண்டும் என்று சோனி சொன்னது. கணக்கே தொடங்க வழியில்லாத 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் அந்த விளையாட்டு விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் மட்டும் நம் நாட்டின் பெயர் மறக்காமல் இருந்தது. பெரிய கூச்சல் எழுந்தபிறகு சோனி அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது.

நானுஓயா டவுனிலோ சுற்றியுள்ள தோட்டங்களிலோ இருந்துகொண்டு கேம் பெட்டி வாங்க நினைப்பவர்கள் முதலில் இதை யோசிக்கவேண்டும். புதிய பெட்டிகளுக்கெல்லாம் இணையம்தான் உயிர். நமக்கோ மலைக்கு இந்தப் பக்கம் இரண்டு கோடு சிக்னல், அந்தப் பக்கம் அதுவும் கிடையாது. சொந்தமாகக் கொஞ்சம், இரவலாகக் கொஞ்சம் என்று மூன்று பெட்டிகளை வீட்டில் போட்டு ஆடிப்பார்த்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

இப்போது மலிவாக எங்கும் கிடைப்பது கேம் ஸ்டிக். டீவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகும் சின்னத் துண்டும் வயரில்லாத இரண்டு கொன்ட்ரோலரும் வரும். பெட்டியில் 4கே என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ 256-க்கு 240 புள்ளிகளில் வரைந்தது. அதை எந்தக் 'கே'யில் பார்த்தாலும் அதே சதுரக் கட்டங்கள்தான். பத்தாயிரம் கேம் என்ற கணக்கும் அப்படித்தான், ஒரே கேம் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். பொத்தானை அமுக்கியதற்கும் மாரியோ குதிப்பதற்கும் நடுவே ஒரு சின்னத் தாமதம் வேறு. குழியில் விழுந்துகொண்டே இருப்பீர்கள்.

ஆனால் அதில் பேட்டில் சிட்டி என்ற டாங்கி விளையாட்டு இருக்கிறது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த என் அக்கா, கை கழுவின ஈரத்தோடு கொன்ட்ரோலரை வாங்கி உட்கார்ந்தார். சின்ன வயதில் பக்கத்து லயத்தில் டீவி கேம் வைத்திருந்த வீட்டில் ஆடிப் பழகிய கை. அந்த விளையாட்டில் கூட ஆடுகிறவரின் டாங்கியைச் சுட்டால் அது சாகாது, கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். தன் மகனின் டாங்கியை அப்படியே சுட்டு நிறுத்திவிட்டு, "நீ ஓரமா நில்லுடா" என்று எல்லா டாங்கிகளையும் அவரே முடித்தார். இந்த ஒரு மாலைக்காக ஸ்டிக்கை மன்னிக்கலாம்.

பிளேஸ்டேஷன் 4 நண்பர் ஒருவருடையது. அதில் எனக்குப் பிடித்தது 2017-இல் வந்த 'அன்சார்ட்டட்: த லொஸ்ட் லெகசி'. மேற்குத் தொடர்ச்சி மலையில், ஹொய்சளர் காலத்துக் கோயில் இடிபாடுகளுக்குள் பிள்ளையாரின் தந்தத்தைத் தேடிப்போகும் கதை. மழை, சேறு, ஜீப், மேடு என்று எல்லாம் நமக்குத் தெரிந்த சங்கதிகள். சிக்கல் கதையில் இல்லை. கேம் தட்டு கையில் இருந்தும் அப்டேட் கேட்கும் கேம்கள் ஏராளம். பல ஜிபி இறங்கவேண்டும். நைட் டைம் டேட்டாவை நம்பி நள்ளிரவில் போட்டுவிட்டுப் படுக்கவேண்டியதுதான். இதற்கடுத்த பிளேஸ்டேஷன் 5-இன் பெரிய கேம் ஒன்று 70 டொலர், நம் காசில் இருபதாயிரத்துக்கு மேல். 2024-இல் தோட்டத்துக்கு அறிவித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தச் சம்பளத்தில் பதினைந்து நாள் கொழுந்து பறித்தால் ஒரு கேம்.

அதனால்தான் பிளேஸ்டேஷன் 2-க்கு வருகிறேன். 2000-இல் வந்து, 2013-இல் உற்பத்தி நின்று, 15 கோடிக்கு மேல் விற்ற பெட்டி. பாவித்ததுதான் கிடைக்கும். நம்மூர்க் குளிருக்கும் ஈரத்துக்கும் இதில் முதலில் போவது தட்டை வாசிக்கும் லென்ஸ். தட்டு சுற்றும், கிரீச்சிடும், திரை கறுப்பாகவே நிற்கும். மாற்றுவழி உண்டு. ஃப்ரீ மெக்பூட் என்ற மென்பொருள் ஏற்றிய மெமரி கார்டைச் செருகினால் பென் டிரைவிலிருந்தே கேம் ஓடும். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால், 4 ஜிபியைத் தாண்டிய கேமைத் துண்டாக்கி ஏற்றவேண்டும். இதன் யூஎஸ்பி பழைய 1.1 வகை, நொடிக்கு ஒன்றரை எம்பிதான் கடத்தும். 'கோட் ஒஃப் வோர்' கதைக்காட்சிகளில் படம் திக்கித் திக்கித்தான் வரும். சண்டை தொடங்கினால் சரியாகிவிடும். பிரதி எடுத்த கேம் சரியா தவறா என்று கேட்டால் தவறுதான். அசல் பிஎஸ்2 தட்டு விற்ற கடையை நான் இந்தப் பக்கம் கண்டதில்லை.

இதில் வீட்டில் அதிகம் ஓடியது 2006-இல் வெளியான 'கிரிக்கெட் 07'. கொன்ட்ரோலரின் இடது குச்சியால் காலை நகர்த்தி, வலது குச்சியை எந்தத் திசையில் தள்ளுகிறோமோ அந்தத் திசையில் அடிக்கவேண்டும். பழகிவிட்டால் கவர் டிரைவ் கையிலேயே தெரியும். மலிவுக் கொன்ட்ரோலரில் குச்சி தளர்ந்து போனால் மட்டும் தரையோடு போகவேண்டிய பந்து தூக்கிக்கொண்டு நேரே பிடிக்குப் போகும். இங்கிலாந்து, அவுஸ்திரேலிய அணிகளுக்குத்தான் உரிமம் வாங்கியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு எழுத்து மாற்றிய ஒப்புக்குப் பெயர்கள். முரளிதரனின் கதையான '800' படம் பார்த்த அக்கா மகன் இலங்கை அணியைத் திறந்து தேடிவிட்டு, "மாமா, முரளியக் காணோமே" என்றான். தேயிலைத் தோட்டத்துக்கு வந்த தாத்தாவின் பேரன், டெஸ்டில் 800 விக்கெட் எடுத்தவர், சொந்தப் பெயரில் இந்த விளையாட்டில் இல்லை. ஆனாலும் ரிச்சி பெனோவின் வர்ணனையும், ஒரே சோபாவில் இருவர் உட்கார்ந்து போடும் ஐந்து ஓவர் ஆட்டமும் இன்னும் அலுக்கவில்லை. 'நீட் ஃபோர் ஸ்பீட்: மோஸ்ட் வோன்டட்' பொலிஸ் துரத்தலும் அதே ரகம்.

என் தீர்ப்பு பிளேஸ்டேஷன் 2-க்கே. சிறு பிள்ளைகள் மட்டும் உள்ள வீட்டுக்கு ஸ்டிக் போதும். நல்ல இணையமும் கையில் காசும் உள்ளவர்கள் பிளேஸ்டேஷன் 4 எடுக்கலாம், தட்டு போடும் வகையாகப் பார்த்து. பிஎஸ்2 வாங்குகிறவர்கள் பெட்டியைத் திருப்பி அடியில் உள்ள எண்ணைப் பாருங்கள். 70000 வரிசை என்றால் தைரியமாக எடுக்கலாம். 90000 வரிசையில் பிந்தி வந்தவற்றில் நான் சொன்ன மெமரி கார்டு வேலை செய்யாது. கடையிலேயே போட்டு, இரண்டு குச்சிகளையும் நன்றாக ஆட்டிப்பார்த்து வாங்குங்கள்.