தமிழில் உயிர்த்தெழுதல்: சொல்லும் பொருளும்

கிறித்தவ மறைச்சொற்களுள் தமிழ் மரபோடு நெருங்கிப் பொருந்துவது போலத் தோன்றி, உண்மையில் மிகுதியும் முரண்படுவது உயிர்த்தெழுதல் என்பதாகும். கத்தோலிக்கரின் பழைய நம்பிக்கை அறிக்கை இதனைச் 'சரீர உத்தானம்' என்றது. சீர்திருத்தச் சபையார் 'சரீரம் உயிர்த்தெழுதல்' என்றனர். அண்மைக்காலக் கத்தோலிக்க வழக்கு 'உடலின் உயிர்ப்பு' என்கிறது. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிய கடற்கரைக்குத் தெற்கே, தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் திருவனந்தபுரத்தில், மலையாளக் கிறித்தவரும் 'உயிர்ப்பு' என்ற சொல்லையே 'புனருத்தானம்' என்பதோடு சேர்த்து ஆள்கின்றனர்.

இம்மாற்றத்தை வடசொல் நீக்கம் என்ற அளவில் கருதுவது போதாது. உத்தானம் என்பது எழுதலை மட்டும் குறிக்கும். எழுவது எது என்பதைச் 'சரீரம்' என்ற அடை சொல்லிவிடுகிறது. உயிர்ப்பு என்பதோ பழந்தமிழில் மூச்சு, பெருமூச்சு. அதனுள் இருக்கும் 'உயிர்' என்னும் பகுதி, சைவ சித்தாந்தம் பயின்ற செவிக்கு உடலினின்று வேறான பசுவையே நினைவூட்டும். எனவே உடலைப் பற்றிய நம்பிக்கை, உயிரைப் பற்றிய நம்பிக்கையாகக் கேட்கப்பட இடமுண்டாகிறது.

இவ்விடர்ப்பாட்டின் வேர் திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தில் தெளிவாகத் தெரிகிறது. சாவை உறக்கத்திற்கும் பிறப்பை விழிப்பிற்கும் ஒப்பிடும் குறளைக் கிறித்தவ நம்பிக்கைக்கு அரணாகக் காட்டுதல் எளிது. தமிழ்க் கிறித்தவர் இறந்தவரை 'நித்திரையடைந்தார்' என்பதும் இதனோடு ஒத்திசைகிறது. ஆயின் வள்ளுவர் கூறும் விழிப்பு, வேறோர் உடம்பில் நிகழும் பிறப்பு. அதற்கு முந்திய குறளின் உரையில் பரிமேலழகர் நிகழ்த்தும் வாதம் இன்னும் கூரியது. 'குடம்பை' என்பதற்குக் கூடு எனப் பொருள் கொள்வாரை அவர் மறுத்து, முட்டை என்கிறார். கூடு பறவையோடு உடன் தோன்றுவதில்லை. பறவை அதனுள் மீண்டும் புகவும் கூடும். ஆதலால் உடம்பிற்கு அது உவமையாகாது என்பது அவர் காட்டும் காரணம். விட்ட உடம்பில் உயிர் மீளாது என்பது இங்கு வாதத்தால் நிறுவவேண்டிய கருத்தாக இல்லை. உவமையைத் தேரும் அளவுகோலாகவே அமைந்துவிட்டது. கிறித்தவம் மறுப்பது இவ்வளவுகோலையே.

பூம்பாவை வரலாற்றை உயிர்த்தெழுதலுக்கு இணையாக வைக்கும் ஒப்பாய்வுகள் இவ்விடத்தில் வழுவுகின்றன. மயிலையில் குடத்திலிருந்த எலும்பும் சாம்பலும் சம்பந்தரின் பதிகத்தால் பெண்ணுருப் பெற்றன எனப் பெரியபுராணம் பாடுகிறது. அதற்கு இணை, நான்கு நாள் கல்லறையில் கிடந்து எழுந்த இலாசரே. இருவரும் பழைய வாழ்வுக்கு மீண்டவர்கள்; சாவு அவர்களுக்கு மீண்டும் உண்டு. பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடலின் 15-ஆம் அதிகாரம் பேசுவது வேறு. விதைக்கப்படுவது அழியும், எழுவது அழியாதது. ஆயினும் விதைக்கும் பயிருக்கும் தொடர்பு அறுவதில்லை. எழுந்த இயேசுவின் உடலில் காயங்கள் நீங்காதிருந்தமையும், தோமா அவற்றைக் கொண்டே தெளிந்தமையும் யோவான் நற்செய்தி இத்தொடர்பைக் காட்டும் முறையாகும். அத்தோமாவின் கல்லறையும் மயிலையிலேயே இருப்பதாக மரபு கூறுவது சுவையான ஒற்றுமை. அதற்குமேல் அதிலிருந்து எதனையும் பெறவியலாது. மூலன் உடலில் திருமூலர் புகுந்தமை கூடுவிட்டுக் கூடு பாய்தல். அங்கு உடல் மாறிவிடுகிறது.

உண்மையில் அருகில் வருபவர் இராமலிங்க அடிகள் (1823-1874). இறந்தோரைச் சுடாது புதைக்கவேண்டும் என்றும், அருட்பெருஞ்சோதியின் வருகையில் அவர்கள் எழுப்பப்படுவர் என்றும் அவர் போதித்தார். சித்தர் மரபின் உடலோம்பல் நெறி இக்கருத்துக்கு வழிவகுத்தது எனலாம். கிறித்தவத் தாக்கம் என்று முடிவு கட்டுவதற்கு ஒப்புமை மட்டும் போதாது.

அவர் காலத்தவரே எச்.ஏ. கிருட்டிணபிள்ளை (1827-1900). வைணவராகப் பிறந்து 1858-இல் கிறித்தவம் தழுவிய இவர், திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியிலும் தமிழ் கற்பித்தவர். 1894-இல் வெளிவந்த இவருடைய இரட்சணிய யாத்திரிகம், பனியனின் ஆங்கில உருவகத்தைக் கம்பன் நெறியில் காப்பியமாக்கியது. பனியனின் பயணிகள் மரண ஆற்றைக் கடக்கையில் சாவுக்குரிய ஆடைகளை ஆற்றிலேயே விட்டுச் செல்கின்றனர். உடல் என்னும் ஆடையைக் களையும் இவ்வுருவகம் கீதை பயின்றோர்க்குப் பழக்கமானது. உடல் எழும் நாளைப் பனியன் மறுக்கவில்லை. கதைக்கு அப்பால், எக்காளம் முழங்கும் காலத்திற்குத் தள்ளிவைக்கிறார். யாத்திரை முடிவதோ நகர் புகுதலில். இச்சட்டகத்தைத் தெரிந்துகொண்ட தமிழ்க் காப்பியத்திற்கும் இக்குறை உரியதே. வீடுபேற்றை நோக்கிய பயணமாக அதனைத் தமிழ் வாசகர் தடையின்றிச் சுவைக்க முடிந்ததற்கு அதுவே ஒரு காரணமாகலாம். பரிமேலழகர் தள்ளிய கூட்டினைப் பற்றி, அங்கும் வழக்கு எழவில்லை.