தகுதியும் தராசும்

நல்லாசிரியனுக்கு நன்னூலார் கூறிய உவமைகள் நான்கு: நிலம், மலை, நிறைகோல், மலர். இவற்றை நாம் ஆண்டுதோறும் வகுப்பிலே கற்பிக்கிறோம். நிறைகோல் என்றால் தராசு. ஐயத்துக்கு இடமின்றிப் பொருளின் எடையைக் காட்டுவதும், எப்பக்கமும் சாயாது நடுவில் நிற்பதும் அதன் இயல்பு என்று விளக்கி, அடுத்த உவமைக்குப் போய்விடுகிறோம். அந்த நிறைகோலை நிறுப்பவர் யார், எந்தப் படிக்கல்லால் நிறுக்கிறார் என்று மாணவர் கேட்பதில்லை. நேர்முகப் பரீட்சைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய பட்டதாரிகள்தாம் கேட்கிறார்கள். அவர்களுட் சிலர் நீதிமன்றம் வரை சென்று கேட்டிருக்கிறார்கள். அக்கேள்விகளையும் நீதிமன்றங்கள் அவற்றுக்கு அளித்த விடைகளையும் இலக்கிய மாணவன் ஒருவன் ஒரு நூலை வாசிப்பது போல வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நமது மரபையே உரசிப் பார்ப்போம். நன்னூலார் ஆசிரியனுக்கு வேண்டிய இயல்புகளை அடுக்கும்போது முதலில் வைப்பது குலம். அருளும் கலைத் தேர்ச்சியும் எடுத்துரைக்கும் வன்மையும் அதற்குப் பின்னரே வருகின்றன. உரைகாரர்கள் இதற்கு எத்தனை சமாதானம் சொன்னாலும், பிறப்பு வாயிற்படியில் நின்று ஆளை மறித்த ஒரு சமுதாயத்தின் குரல் அது என்பதை மறைக்க இயலாது.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளையும் நம்மவர் பெருமையோடு எடுத்துக்காட்டுவர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்டவை அவை. அங்கு விதிக்கப்பட்ட ஒழுங்கு வியப்புக்குரியதுதான். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பிக்க வேண்டும். அந்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரல்களையும் அகல விரித்த உள்ளங்கையிலே வாங்க வேண்டும். பின்னர் அனைவரும் கேட்க உரக்க வாசிக்க வேண்டும். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடத்தருகே வரலாகாது. கையிலே ஒளிப்பதற்கு இடமே வைக்காத முறை. ஆனால் அந்தக் குடத்துக்குள் யாருடைய பெயர் போயிற்று? இறை செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடைய ஆடவரின் பெயர் மட்டுமே. உழுதவன் பெயர் இல்லை. பெண்ணின் பெயரும் இல்லை. முறை நேர்மையானது, வாயில் நேர்மையற்றது. நியாயமான தெரிவு என்னும் பேச்சு எழும்போதெல்லாம் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

நமது நாட்டின் வரலாறும் இதனையே காட்டுகிறது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கீழ்க் கொண்டுவந்தன. அதற்கு முன்னர் ஆசிரிய நியமனம் பெரும்பாலும் முகாமையாளரின் விருப்பத்தில் தங்கியிருந்தது. சமயமும் சாதியும் அறிமுகமும் அங்கே பேசின. அரசு பொறுப்பேற்றதை முற்போக்காளர் வரவேற்றதில் தவறில்லை. ஆனால் முகாமையாளர் இருந்த நாற்காலியில் மெல்ல மெல்ல அரசியல்வாதி வந்து அமர்ந்தார். 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அரச சேவை நியமன அதிகாரத்தை அமைச்சரவையிடம் ஒப்படைத்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் அவ்வழியே நடந்தது. பாராளுமன்ற உறுப்பினரின் துண்டு பட்டத்தைவிடப் பெறுமதி பெற்றது. நியமனங்களைக் கவனிக்கும் ஆணைக்குழுவின் சுயாதீனம் 2001இல் வந்தது, 2010இல் சுருங்கியது, 2015இல் மீண்டது, 2020இல் மறுபடியும் சுருங்கியது, 2022இல் ஓரளவு மீட்கப்பட்டது. ஆட்சி மாறுந்தோறும் தராசைப் பிடிக்கும் கையும் மாறுமாயின், அதனைத் தராசு என்று அழைப்பது எங்ஙனம்?

இனி, கடல் கடந்து தமிழகத்து வழக்குகளை நோக்குவோம். இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி, 2010 ஓகஸ்டில் ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமாக்கப்பட்டது. தமிழகத்தில் 2012 ஜூலையில் நடந்த முதலாவது தேர்வில் இலட்சக்கணக்கானோர் எழுதினர். நூற்றுக்கு ஒருவர் கூடத் தேறவில்லை. மறுதேர்வு நடத்தி, தேறியவர்களுள் யாரைத் தெரிவதென்பதற்கு 2012 ஒக்டோபரில் அரசு ஒரு கணக்கு வகுத்தது. தகுதித் தேர்வுக்கு அறுபது புள்ளி. பழைய பள்ளி, கல்லூரிப் பெறுபேறுகளுக்கு நாற்பது. அந்த அறுபதையும் படிகளாக அமைத்தார்கள். நூற்றுக்கு அறுபது முதல் எழுபதுக்குக் கீழ் வரை பெற்ற அனைவருக்கும் 42. எழுபது முதல் எண்பதுக்குக் கீழ் வரை 48. அதற்கு மேல் 54, 60.

இக்கணக்கை நமது மாணவன் ஒருவனிடம் கொடுத்தால் அதன் ஊனத்தை அவனே கண்டுபிடிப்பான். தேர்வின் மொத்தப் புள்ளி 150. அதில் 90 எடுத்தவருக்கும் 42. 104 எடுத்தவருக்கும் 42. பதினான்கு புள்ளி உழைப்புக்கு மதிப்பு எதுவுமில்லை. ஆனால் 105 எடுத்தவருக்கு 48. அந்த ஒரே புள்ளிக்கு ஆறு. இது தன்னிச்சையானது என்று கூறிச் சென்னை உயர் நீதிமன்றம் 2014 ஏப்ரிலில் இம்முறையை நீக்கியது. அரசு மே மாதம் 71ஆம் எண் அரசாணையால் படிகளை அகற்றி, பெற்ற புள்ளிக்கு நேர் விகிதமாக மதிப்பு அளித்தது. இங்கே நீதிமன்றம் செய்தது உண்மையான பணி. எளியவனின் உழைப்பு கணக்கிலே காணாமற் போவதை அது தடுத்தது.

ஆனால் பழைய பெறுபேறுகளுக்கான நாற்பது புள்ளி அப்படியே நின்றது. பட்டதாரி ஆசிரியருக்கு மேனிலைப் பள்ளித் தேர்வுக்குப் பத்து, பட்டத்துக்குப் பதினைந்து, கல்வியியற் பட்டத்துக்குப் பதினைந்து. மூத்த விண்ணப்பதாரர் எதிர்த்தது இதனைத்தான். அவர்கள் படித்த காலத்தில் புள்ளிகள் இறுக்கமாக வழங்கப்பட்டன. அன்று நூற்றுக்கு அறுபது பெற்றவர் வகுப்பில் முதல்வராக இருந்திருக்கலாம். பின்னாளில் தொண்ணூறும் சாதாரணமாயிற்று. அறுபதுக்குக் கிடைப்பது ஆறு, தொண்ணூறுக்கு ஒன்பது. மூன்றுதானே வேறுபாடு என்று தோன்றும். அந்த மூன்றைத் தகுதித் தேர்வில் ஈடுசெய்ய ஏழரைப் புள்ளி கூடுதலாக எடுக்க வேண்டும். இந்த ஏழரை சனி பிடித்ததால் வந்ததன்று. மனிதர் போட்ட கணக்கால் வந்தது.

இதனோடு மற்றொரு வழக்கும் பின்னிக் கிடந்தது. 2014 பெப்ரவரியில் 25ஆம் எண் அரசாணை, ஒடுக்கப்பட்ட, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தேர்ச்சிப் புள்ளியை 90இலிருந்து 82ஆகக் குறைத்து, முந்திய ஆண்டுத் தேர்வுக்கும் அதனைப் பொருத்தியது. ஆட்டம் தொடங்கிய பின் விதியை மாற்றலாமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. அந்த ஆண்டு செப்டெம்பரில் சென்னை அமர்வு சலுகையை ஏற்றது. மதுரை அமர்வு நீக்கியது. ஒரே நீதிமன்றம், ஒரே மாதம், இரண்டு தீர்ப்பு. இறுதியில் 2016 நவம்பர் 9இல் லாவண்யா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இரு அரசாணைகளும் செல்லும் என்றது.

சலுகை செல்லும் என்றதில் நமக்கு முழு உடன்பாடு. வாயிலை அகலப்படுத்துவது அநீதியன்று. குடவோலைக் குடத்தில் பெயரே இல்லாதிருந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு எட்டுப் புள்ளி விட்டுக்கொடுப்பது பெருங்கொடையுமன்று. மற்றைய பகுதியில்தான் நமக்குக் குறை தோன்றுகிறது. பழைய பெறுபேறுகளுக்கு எவ்வளவு மதிப்பு என்பது அரசின் கொள்கை சார்ந்தது, அதில் தலையிடுவதற்கில்லை என்பதே தீர்ப்பின் போக்கு. கொள்கை என்ற சொல் வந்தவுடன் நீதிமன்றம் வாசலில் நின்றுவிடுகிறது. சட்டத்தின் எல்லை அதுவாக இருக்கலாம். நியாயத்தின் எல்லை அதுவன்று. இரண்டே ஆண்டுக்குள், 2018 ஜூலையில், அதே அரசு இந்த மதிப்பு முறையைக் கைவிட்டுத் தனிப் போட்டித் தேர்வு என்று அறிவித்தது. இடையில் தேறியும் வேலை பெறாது வயது கடந்தவர்களுக்கு விடை சொல்ல எந்தத் தீர்ப்பிலும் இடமில்லாது போயிற்று.

முறை முற்றாக அழுகினால் என்ன நேரும் என்பதற்கு வங்காளம் சான்று. மேற்கு வங்காளத்தில் 2016ஆம் ஆண்டின் தெரிவில், விடைத்தாள்கள் அழிக்கப்பட்டதும், புள்ளிகள் மாற்றப்பட்டதும், தரவரிசையில் பின்னால் நின்றவர் முன்னால் கொண்டுவரப்பட்டதும் வெளிப்பட்டன. 2025 ஏப்ரில் 3இல் இந்திய உச்ச நீதிமன்றம், ஆசிரியரும் அலுவலருமாக 25,753 பேரின் நியமனம் செல்லாது என்பதை உறுதி செய்தது. கறைபட்டவர்கள் எனத் தெரிந்தவர் சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றது. ஆனால் கறைபடாதவரும் வேலையை இழந்தனர். இரவு விழித்துப் படித்துத் தேறியவனும், காசு கொடுத்து நுழைந்தவனும் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். ஏன்? பிரித்தறிவதற்கு விடைத்தாள் இல்லை. ஒரு தாளைப் பேணி வைப்பது வெறும் அலுவலகச் சடங்கு என்று நினைப்பவர்கள் இதனை ஊன்றிச் சிந்திக்க வேண்டும். நேர்மையாளனின் ஒரே சாட்சி அந்தத் தாள்.

நமது சித்தாண்டிக்குத் திரும்புவோம். அண்டையூரான வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. வயலும் வாவியுமாகக் கிடந்த ஊர்களின் பிள்ளைகள், முதல் தலைமுறையாகப் பட்டச் சான்றிதழை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். பட்டம் வந்தது, நியமனம் வரவில்லை. 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை நாம் மறக்கவில்லை. மறுபக்கத்தில், போர்க்காலத்திலே யாரும் போகத் துணியாத பாடசாலைகளில் ஊதியமின்றிக் கற்பித்த தொண்டர் ஆசிரியர்கள், தமது ஆண்டுகளுக்குக் கணக்கு எங்கே என்று கேட்டார்கள். பின்னர் பட்டதாரிப் பயிலுநராகச் சேர்க்கப்பட்டு, அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரோடு வகுப்பறையில் நின்றவர்கள், ஆசிரியர் சேவையில் தம்மை ஏன் உள்ளீர்க்கவில்லை என்று கேட்டார்கள். ஒவ்வொருவர் கேள்வியும் நியாயமானதே. அவலம் என்னவெனில், ஒருவரின் நியாயம் மற்றவரின் இடத்தைப் பறிப்பதாக நிறுத்தப்பட்டிருப்பதுதான். படுவான்கரையில் ஆசிரியரில்லாத வகுப்புகளும், எழுவான்கரையில் வகுப்பில்லாத பட்டதாரிகளும் ஒரே காலத்தில் இருந்திருக்கின்றனர். குறை ஆட்களிடத்தில் இல்லை.

நமது சொந்த அனுபவம் ஒன்றையும் இங்கு கூறலாம். பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிய புதிதில் ஒரு நேர்முகப் பரீட்சைக்குச் சென்றோம். காலை எட்டு மணி முதல் விறாந்தையில் நின்று, பிற்பகலில் உள்ளே அழைக்கப்பட்டோம். மூன்று கேள்விகள் கேட்டார்கள். அவற்றுள் ஒன்று, உமக்கு இங்கே யாரைத் தெரியும் என்பது. சில வாரங்களின் பின் சுவரிலே ஒட்டிய பட்டியலில் பெயர்கள் இருந்தன, புள்ளிகள் இல்லை. நமது பெயரும் இல்லை. காரணம் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அடுத்த முறை தெரிவானோம். அதற்கும் காரணம் அறியோம். ஏன் தோற்றோம் என்று தெரியாதவனுக்கு, ஏன் வென்றோம் என்பதும் தெரியாது. நியமனக் கடிதத்தைக் கையில் வாங்கியபோது மகிழ்ச்சியோடு ஒரு கூச்சமும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அப்போது நீதிமன்றம் போயிருக்கலாமே என்று கேட்பவர் உண்டு. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. அது மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். கால எல்லை ஒரு மாதம். அந்த நீதிமன்றம் கொழும்பில் இருக்கிறது. ஏறாவூரில் இரவுப் புகையிரதம் ஏறி, விடிந்து இறங்கி, சட்டத்தரணிக்குக் கட்டணம் தேட வேண்டும். பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டதை அறிவதற்கே சிலருக்கு அந்த ஒரு மாதம் போய்விடுகிறது. ஒன்றை மட்டும் நமது மாணவர் அறிந்து வைத்தல் நலம்: 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் இந்த எல்லைக்குள் எண்ணப்படாது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் மட்டக்களப்பிலேயே உண்டு. இவ்விபரம் எந்தப் பாடநூலிலும் இல்லை. எந்த விளம்பரத்தின் அடியிலும் அச்சிடப்படுவதுமில்லை.

முற்போக்காளர் சிலர், இந்தப் புள்ளிக் கணக்கும் வழக்கும் நடுத்தர வர்க்கத்தின் சண்டை. வேலையின்மையை உண்டாக்கும் அமைப்பு மாறாதவரை இவற்றால் பயனில்லை என்பர். பாதி உண்மை அது. பத்து இடத்துக்கு ஆயிரம் பேர் நிற்கும்போது, எவ்வளவு செம்மையாகத் தெரிந்தாலும் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பேர் வெளியேதான் நிற்பர். ஆயினும் தெரிவு ஒளிவுமறைவாக நடக்கும்போது, வசதியுள்ளவனுக்கு ஆள் இருக்கிறது, அறிமுகம் இருக்கிறது, பணம் இருக்கிறது. கூலிக்கு வெள்ளாமை வெட்டியவனின் மகளுக்கு அவளது புள்ளியைத் தவிர வேறொன்றுமில்லை. அந்தப் புள்ளியையும் ஒளித்துவைத்தால் அவளிடம் எஞ்சுவது என்ன? வெளிப்படையான முறை சமதர்மம் ஆகாது. ஆனால் அதனை அற்பமென்று ஒதுக்குபவர் துண்டு கொடுப்பவருக்கே துணை போகிறார்.

ஆகவே நாம் கோர வேண்டியவை தெளிவானவை. புள்ளித்திட்டம் விண்ணப்பம் கோரும்போதே வர்த்தமானியில் வெளிவர வேண்டும். ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் அவரது புள்ளி பகுதி பகுதியாக எழுத்தில் தரப்பட வேண்டும். நேர்முகப் பரீட்சையின் பங்கு குறுக வேண்டும். விடைத்தாள்கள் வழக்குக்கான காலம் கடக்கும்வரை பேணப்பட வேண்டும். மறுப்புக்கான காரணம் தமிழிலே சொல்லப்பட வேண்டும். கஷ்டப் பிரதேசத்தில் கற்பித்த ஆண்டுகளுக்கு என்ன மதிப்பு என்பது முன்கூட்டியே முடிவாக வேண்டும். இவற்றை வேலையற்ற பட்டதாரி தனியே நின்று கேட்க முடியாது. வேலையில் இருக்கும் நாம் கேட்க வேண்டும். நமது சங்கங்கள் சம்பளத்துக்கும் இடமாற்றத்துக்கும் குரல் கொடுத்த அளவில் பாதியளவேனும், வாயிலுக்கு வெளியே நிற்பவருக்காகக் கொடுத்ததுண்டா என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வோம்.

நன்னூலார் ஆசிரியராகாதவருக்கும் உவமை கூறியுள்ளார். அவற்றுள் ஒன்று முடத்தெங்கு. ஒருவர் தண்ணீர் வார்க்க, வேறொருவர் முற்றத்தில் காய் உதிர்க்கும் வளைந்த தென்னை. ஏழை மக்களின் வரியில் வளர்ந்து, செல்வாக்குள்ளவர் முற்றத்தில் காய்க்கும் நியமன முறையும் அத்தகையதே. வளைந்த தென்னையை நிமிர்த்த முடியாது. நியமன முறை மனிதர் வகுத்தது, அதனை மாற்ற முடியும். அதற்கான முதற் கடிதத்தை இந்த மாதச் சங்கக் கூட்டத்திலேயே எழுதத் தொடங்குவோம்.