காணொளிப் பாடலில் சொல்லும் காட்சியும்

இயலும் இசையும் கூத்தும் ஒன்றோடொன்று இணைந்து இயங்குதல் தமிழர்க்குப் புதிதன்று. முத்தமிழ் என்னும் வழக்கே அதற்குச் சான்றாகும். எனினும், பாடலை முன்னரே ஒலிப்பதிவு செய்து, அதன் அளவிற்கும் தாளத்திற்கும் ஏற்பக் காட்சிகளைப் பின்னர் எடுத்துத் தொகுக்கும் காணொளிப் பாடல், கலைவடிவங்களுள் இளையது. 1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் நாள் எம்.ரி.வி. என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி தொடங்கிய பின்னரே அது உலகெங்கும் பரவி நிலைபெற்றது. இன்று கைத்தொலைபேசி ஒன்றே படக்கருவியாகவும் தொகுப்புக் கூடமாகவும் அமைந்துவிட்டமையால், பாடசாலை மாணவரும் இவ்வடிவைக் கையாளத் தலைப்பட்டுள்ளனர். தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் இலங்கைப் பாடசாலைகளிற் பாடமாக இடம்பெற்றுள்ள நிலையில், ஊடகக் கோட்பாடுகள் மாணவர்தம் ஆக்கத்திற்கு எவ்வாற்றான் உதவும் என்பது ஆராயத்தக்கது.

அன்ட்ரூ குட்வின் என்பார் 1992இல் வெளியிட்ட நூலில், பாடலின் சொல்லுக்கும் காட்சிக்கும் இடையேயுள்ள உறவினை மூன்றாக வகுத்தார். சொல் கூறுவதையே காட்சியும் காட்டுதல் விளக்கல். சொல்லில் இல்லாத பொருளைக் காட்சி சேர்த்தல் விரித்தல். இரண்டும் தொடர்பின்றியோ முரணியோ நிற்றல் விலகல். இங்கிலாந்தில் ஊடகவியல் பயிலும் உயர்தர வகுப்பு மாணவர் தம் காணொளிப் பாடல்களை இப்பாகுபாட்டைக் கொண்டு மதிப்பிட்டு வந்துள்ளனர். ஆயினும், படம் முடிந்த பின்னர், "இது விளக்கல், இது விலகல்" எனப் பெயர் சூட்டுதலோடு அமைவதாயின் கோட்பாட்டினால் விளையும் பயன் சிறிதே. படக்கருவியைக் கையில் எடுக்குமுன் எழுப்பப்படும் வினாவாக அது அமையும்போதே ஆக்கத்திற்குத் துணையாகும்.

சான்றாக, முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவியில் மாணவர் சிலர் அருவிவெட்டுப் பாடல் ஒன்றுக்குக் காட்சி அமைக்க முற்படுவதாகக் கொள்ளலாம். அயலில் வவுனிக்குளத்து நீர் பாயும் வயல்கள் உள. காலபோக நெல் தை, மாசியில் முற்றும். விளக்கல் நெறியை மேற்கொள்வோர், மாணவியர்க்குக் கண்டாங்கிச் சேலை உடுத்து, அரிவாளைக் கையிற் கொடுத்து, வரிசையாக நிறுத்துவர். காட்சி அழகாக இருக்கும்; ஆயின் உண்மையாக இராது. அருவிவெட்டு இன்று பெரும்பாலும் இயந்திரத்தால் நிகழ்கின்றது. பலர் குனிந்து ஒருங்கே அரியும் வேலைக்குத் தாளம் தருவதற்கு எழுந்தது அப்பாடல். அவ்வேலை குறைந்தபோது பாடலும் வயலை விட்டு நீங்கிற்று. ஆகவே, முதியவள் ஒருத்தியின் குரலில் அப்பழம்பாடல் ஒலிக்க, காட்சியில் இயந்திரம் தனித்து வயலைச் சுற்றிவருமாயின், பாடல் எவ்வாறு இடமிழந்தது என்பதை உரையாசிரியர் எவருமின்றிக் காண்போரே உணர்வர். இங்கு விலகலே உண்மைக்கு அணித்தாகின்றது.

இக்கருத்து முற்றிலும் புதிதன்று. பேசும் படம் தோன்றிய காலத்தில், 1928இல், ஐசன்ஸ்டைன், புடோவ்கின், அலெக்சாந்திரோவ் ஆகிய சோவியத் இயக்குநர் மூவரும் ஓர் அறிக்கை வெளியிட்டு, ஒலியானது காட்சியைப் பின்பற்றாது அதற்கு எதிர்நின்று இயங்குதல் வேண்டும் என வற்புறுத்தினர். பிரெஞ்சு அறிஞர் மிஷேல் ஷியோன் 1990இல் வேறோர் உண்மையைப் புலப்படுத்தினார். ஒலி, காட்சிக்குப் பொருளை ஏற்றுகின்றது; காண்போரோ அப்பொருள் காட்சியிலேயே இயல்பாக உள்ளதென மயங்குகின்றனர் என்பது அவர் துணிபு. சோகப் பண் ஒன்றை இசைத்து எந்த முகத்தைக் காட்டினும் அம்முகம் துயருற்றதாகவே தோன்றும். இவ்வாற்றல் மாணவர் கையில் எளிதாகக் கிடைப்பதனாலேயே, அதனை அளவறிந்து பயன்படுத்தல் வேண்டும்.

வன்னியில் இவ்வெச்சரிக்கை மிகவும் வேண்டப்படுவது. 2008இல் போர் நெருங்கியபோது மல்லாவி மக்கள் ஊரை விட்டுக் கிழக்கே பெயர்ந்தனர். 2009இல் போர் முடிந்த பின்னரே படிப்படியாக மீண்டனர். இன்று அங்கே பயிலும் மாணவர் பலர் அந்நாட்களைத் தாமே கண்டிலர். பெற்றோர் வாயிலாகவே அறிவர். இழப்பைப் பாடும் பாடலுக்குக் காட்சி தேடுமிடத்து, தாயொருத்தியைப் படக்கருவியின் முன் இருத்தி அழச் செய்தல் எளிய வழி. அஃது அவள் துயரைப் பாடலுக்கு அணியாக்குவதன்றிப் பிறிதன்று.

இவ்விடத்தில் மேலைக் கோட்பாட்டினும் துணையாக நிற்பது தொல்காப்பியம். முதல், கரு, உரி என வகுத்த அந்நூல், நிலத்தின் கருப்பொருளை நிலைக்களனாகக் கொண்டு, சொல்லாத பொருளை உணர்த்துவதை உள்ளுறை என்றது. மரமும் விலங்கும் நீர்நிலையும் வெறும் பின்புலமல்ல, உரிப்பொருளைத் தாங்குவன. வீடு அழிந்த வளவில் எஞ்சி நிற்கும் கிணற்றையும், அதனருகே இன்றும் காய்க்கும் தென்னையையும் அசைவின்றிச் சிறிது நேரம் காட்டினால் அதுவே போதும். பாடலில் கிணறென்னும் சொல்லே வரவேண்டுவதில்லை. குட்வின் கூறிய விரித்தல் தமிழ் மரபில் அடையும் செவ்விய வடிவம் இவ்வுள்ளுறையே எனலாம்.

காட்சியில் எவர் தோன்றுகின்றனர் என்பதோடு, எவர் பெயர் நிலைக்கின்றது என்பதும் கோட்பாட்டுக்குரிய வினாவே. 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' இதற்குத் தக்க சான்று. சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பில் தீயும் அறிவும் பாடிய அப்பாடல், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய அறிவின் பாட்டியாரது வாழ்விலிருந்து கிளைத்தது. 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து பெயர்ந்து குடியேறியோர் பலரைக் கொண்ட வன்னிக்கு அவ்வரலாறு அயலதன்று. ஒப்பாரியின் சாயலைத் துள்ளலிசையோடு இணைத்த அப்பாடலிற் பாட்டியாரும் தோன்றுகின்றார். கதைக்கு உரியவர் காட்சியிலும் இடம்பெற்றமை அதன் சிறப்பு. ஆயினும், அதே ஆண்டு ஓகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டைப்படத்தில், சொல்லை யாத்த அறிவு இடம்பெறாமை பெருங் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. ஆக்கம் புகழ்பெறுந்தோறும் மூலக்குரல் மறைதல் கூடும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

ஆதலின், மாணவர் குழு படப்பிடிப்பிற்குப் புறப்படுமுன் மூன்று வினாக்களுக்கு விடை எழுதிக்கொள்ளுதல் நன்று. சொல்லை மீண்டும் சொல்வதன்றிக் காட்சி யாது செய்கின்றது? காட்டப்படும் பொருள் இந்நிலத்திற்கு உரியதா, திரைப்படங்களிலிருந்து இரவல் பெற்றதா? பாடலைத் தந்த முதியவர், முகத்தைத் தந்த அயலவர் ஆகியோரின் இசைவு பெறப்பட்டதா, விரும்பினோர் பெயர் படத்தின் இறுதியிற் பொறிக்கப்பட்டதா? இவ்வினாக்களுக்குப் பணம் வேண்டியதில்லை. உயர்ந்த கருவியும் வேண்டியதில்லை. ஆசிரியர் வழங்கும் புள்ளிகளும் வண்ணத்திற்கும் வேகத்திற்கும் மட்டும் உரியனவாகாது இவ்விடைகளுக்கும் உரியனவாகுமாயின், வன்னி மாணவர் ஆக்கும் காணொளிப் பாடல் வன்னியையே காட்டும்.