கடுக்காயும் கிரா-ஃபிக்ஸும்: நிலைச்சு நிக்கறதெல்லாம் நிஜமா?

கரியாலூரைச் சுத்தியிருக்கிற கல்வராயன் மலையில கடுக்காய் முக்கியமான மலைச்சரக்கு. அதை நாட்டு மருந்துக்கடையோடு சேர்த்தே நினைச்சுப் பழகிட்டோம். ஆனா தோல் பதனிடுறவங்களும் அதைக் காலங்காலமா வாங்குறவங்கதான். கடுக்காயில் இருக்கிற டானின், தோலின் கொலாஜன் புரத இழைகளுக்கு நடுவே புகுந்து, பல இடங்களில் ஹைட்ரஜன் பிணைப்பால் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. பச்சைத் தோல் வெந்நீரில் சுமார் 60-65 டிகிரி செல்சியஸிலேயே சுருங்கிடும். டானின் ஏறிய தோல் 75-80 டிகிரி வரை தாங்கும். பதனிடுறவர் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: தாங்குதா?

புரதக் கூட்டமைப்புகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுப்பவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. மாதிரியைத் தயார் செய்யும்போதே அது துண்டு துண்டாப் பிரிஞ்சு போயிடும். இதுக்கு ஹோல்கர் ஷ்டார்க் குழு 2008-ல் 'நேச்சர் மெத்தட்ஸ்' இதழில் சொன்ன வழிதான் கிரா-ஃபிக்ஸ். மேலிருந்து கீழே போகப் போக கிளிசராலோட அடர்த்தியும் கூடும், குளூட்டரால்டிஹைடோட அளவும் கூடும். அப்படிப்பட்ட குழாயில் மாதிரியைப் போட்டு மையவிலக்கியில் சுத்துவாங்க. கீழே இறங்க இறங்க, கூட்டமைப்பின் உறுப்புகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்களுக்குள் பிணைஞ்சுக்கும். தனித்தனிக் கூட்டமைப்புகள் ஒண்ணோடொண்ணு ஒட்டிக் கட்டியாகிறதும் குறையும். பிரிச்செடுப்பும் பிணைப்பும் ஒரே ஓட்டத்தில் முடிஞ்சுடும். யோசனை அருமை, அதில் சந்தேகமே இல்லை.

என் விமர்சனம் அதன் விளைவை நாம வாசிக்கிற விதத்தின் மேல். குளூட்டரால்டிஹைடு பெரும்பாலும் லைசின் அமினோ அமிலங்களைத்தான் பிடிக்கும். எது கைக்கு எட்டுதோ அதைப் பிடிக்கும். அது செல்லுக்குள் இருந்த நிலையா, தற்செயலா வந்த நிலையான்னு அதுக்குத் தெரியாது. அசைஞ்சு அசைஞ்சு வேலை செய்ற ஒரு புரதத்தை, அது போற வழியில் ஏதோ ஒரு கோலத்தில் பூட்டிடலாம். படம் தெளிவா வரும். தெளிவு வேற, உண்மை வேற. பதனிட்ட தோலை உயிருள்ள தோல்னு சொல்லி யாரும் விக்கிறதில்லை. நாமதான் பிணைச்ச புரதத்தோட படத்தைப் பார்த்து 'இதுதான் இயல்பு வடிவம்'னு எழுதிடுறோம். அந்த வடிவத்தை நம்பி மருந்து மூலக்கூறு தேடுறவரோட வருஷக்கணக்கான உழைப்பு அந்த ஒரு வரியில் தொங்குது.

அதனால இப்படி ஒரு கட்டுரை கையில் கிடைச்சா மூணு விஷயம் பாருங்க. பிணைக்காத மாதிரியையும், மங்கலாவாவது, படம் எடுத்து ஒப்பிட்டிருக்காங்களா? பிணைக்கிறதுக்கு முன்னால அந்தப் புரதம் வேலை செய்ததுன்னு காட்டியிருக்காங்களா? வேறொரு பிணைப்பி அதே அண்டை உறுப்புகளைக் காட்டுதா? பிஎஸ்3 போன்ற பிணைப்பியைப் பயன்படுத்தி நிறை நிறமாலையியலில் பார்த்தா, எந்த லைசின் எதற்குப் பக்கத்தில் இருந்ததுன்னு தெரியும். அங்கே பிணைப்பு பசை மட்டுமில்லை, அளவுகோலும்கூட.

மூணுக்கும் பதில் இருந்தா கிரா-ஃபிக்ஸ் படத்தைத் தைரியமா நம்பலாம். ஒண்ணுக்கும் பதில் இல்லைன்னா, அந்தப் புரதம் தாங்குச்சுங்கிறது மட்டும்தான் நமக்குத் தெரிஞ்சிருக்கு.