‘டிரான்ஸ்பரன்சி’யும் வெளிப்படையும்: ஒரு சொல்லின் பொருள் வரலாறும் எண்ணூர்க் கழிமுகமும்

ஆய்வுச்சுருக்கம்

ஆட்சித்துறையில் ‘டிரான்ஸ்பரன்சி’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நிகராக ‘வெளிப்படைத்தன்மை’ வழங்குகிறது. ஆங்கிலச் சொல் ஒளியியலிலிருந்து வளர்ந்தது. தமிழ்ச் சொல் இலக்கணத்திலும் அகப்பொருள் மரபிலும் வேர்கொண்டது. இவ்விரு பொருள் வரலாறுகளையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. ‘தன்மை’ என்னும் பின்னொட்டு, வினையாக இருந்த வெளிப்பாட்டைப் பண்பாக மாற்றி வினைமுதலை மறைக்கிறது என்பதும், அம்மறைவின் விளைவை வடசென்னையின் எண்ணூர்க் கழிமுகப் பகுதியில் காணலாம் என்பதும் இதன் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: வெளிப்படை, டிரான்ஸ்பரன்சி, அலர், கலைச்சொல்லாக்கம், எண்ணூர், தகவல் அறியும் உரிமை

முன்னுரை

கலைச்சொல்லாக்கம் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் சொல்லின் பொருத்தத்தையும் எளிமையையும் அளவுகோலாகக் கொள்கின்றன. ஒரு கலைச்சொல் மூலச்சொல்லின் பொருளைத் தாங்குகிறதா என்பதோடு அவ்வினா நின்றுவிடுகிறது. பெயர்க்கும் மொழியில் அச்சொல்லுக்கு ஏற்கெனவே இருந்த பொருள் என்னவாயிற்று என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. ‘வெளிப்படைத்தன்மை’ என்னும் சொல்லை இவ்விரண்டாம் வினாவின் வழியாக அணுகவேண்டிய தேவை உள்ளது. அச்சொல் இன்று சட்ட விளக்கங்களிலும் நிறுவன அறிக்கைகளிலும் நாளிதழ்களிலும் நிலைபெற்றுவிட்டது. இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்பகுதியில் வாழ்வோருக்கு இச்சொல்லின் பொருள் அன்றாட வாழ்வோடு தொடர்புடையது. எந்தக் குழாயில் எது செல்கிறது, எந்த நிலம் எந்த வகைப்பாட்டில் உள்ளது என்பன அவர்களின் உடல்நலத்தையும் தொழிலையும் தீர்மானிக்கின்றன.

1. கண்ணாடியிலிருந்து ஆட்சிக்கு

‘டிரான்ஸ்பரன்சி’, ஊடே என்னும் பொருளுடைய ‘டிரான்ஸ்’, தோன்றுதல் என்னும் பொருளுடைய ‘பரேரே’ ஆகிய இலத்தீன் கூறுகளின் வழி வந்தது. ஒரு பொருளை ஊடுருவி அதன் அப்பால் உள்ளது தோன்றுவதே இதன் முதற்பொருள். கண்ணாடி, நீர், பளிங்கு ஆகியவற்றின் இயல்பைக் குறித்த இச்சொற்குடும்பம், பின்னர் மனித மனத்திற்கும் பேச்சுக்கும் உருவகமாயிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சொல் மற்றொரு பொருளையும் பெற்றது. மெல்லிய துணியில் ஓவியம் தீட்டிப் பின்புறம் விளக்கேற்றி விழாக்காலங்களில் பொதுமக்களுக்குக் காட்டும் ஒளிப்படத்திற்கும் ‘டிரான்ஸ்பரன்சி’ என்றே பெயர். இங்கு ஒளி ஊடுருவுகிறது. ஆயினும், காண்போருக்குக் கிடைப்பது ஓவியன் தீட்டிய காட்சி மட்டுமே. விளக்கும் அதை ஏற்றியவரும் துணிக்குப் பின்னால் இருக்கின்றனர். காட்டுதலும் மறைத்தலும் ஒரே ஏற்பாட்டில் இயலும் என்பதை இவ்வழக்காறு உணர்த்துகிறது.

அதே நூற்றாண்டின் இறுதியில் ஜெரமி பெந்தாம், ஏழையர் இல்லங்களின் மேலாண்மை பற்றிய தம் எழுத்துகளில் இச்சொல்லை நிருவாகக் கோட்பாடாக்கினார். காவலர் ஒருவர் அனைவரையும் பார்க்கக்கூடிய சிறைக்கூட வடிவத்தை முன்மொழிந்தவரும் அவரே. ஆளப்படுவோரைக் காணும் கண்ணும் ஆள்வோரைக் காணும் கண்ணும் ஒரே சிந்தனையாளரிடம் உருப்பெற்றமை, இச்சொல்லின் ஒளியியல் அடிப்படையை வலியுறுத்துகிறது. 1993இல் பெர்லினில் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் தொடங்கப்பட்ட பின்னர், ஊழலின்மையோடு இணைத்து எண்ணப்படும் உலகளாவிய ஆட்சிச்சொல்லாக இது பரவியது.

இதற்கு மாறான வரலாறுடைய சொல் உருசிய மொழியில் உண்டு. 1980களில் கோர்பச்சேவ் ஆட்சியில் உலகறிந்த ‘கிளாஸ்நஸ்த்’ ஆங்கிலத்தில் ‘ஓப்பன்னெஸ்’, அதாவது திறந்தநிலை, எனப் பெயர்க்கப்பட்டது. அதன் வேரோ குரலைக் குறிக்கும் சொல். பலர் கேட்கப் பேசப்படும் நிலையைச் சுட்டிய சொல், மொழிபெயர்ப்பில் தன் குரலை இழந்தது. தமிழிலும் இதையொத்த இழப்பு நிகழ்ந்துள்ளது.

2. தமிழ் மரபில் வெளிப்படை

‘வெளி’ என்பது புறத்தையும் தடையற்ற பரப்பையும் ஒருங்கே குறிக்கும் சொல். ‘வெளிப்படு’ என்பது உள்ளிருந்து அப்பரப்பிற்கு வருதலாகும். எனவே வெளிப்படுதலில் ஒரு பெயர்ச்சி உண்டு. கண்ணாடிக்கு அப்பால் உள்ள பொருள் அங்கேயே இருந்துகொண்டு காட்சியளிக்கலாம். வெளிப்பட்ட பொருள் இருந்த இடத்தில் இராது.

இலக்கண மரபில் இச்சொல்லுக்குத் திட்டமான இடம் உள்ளது. தொல்காப்பிய உரியியல், பொருள் வெளிப்படையாக விளங்கும் சொற்களுக்கு விளக்கம் வேண்டா என விலக்கி, அவ்வாறு விளங்காத சொற்களையே எடுத்துரைக்கிறது. நன்னூல் சொல்லதிகாரம் பொருள் உணர்த்தும் முறையைக் குறிப்பு, வெளிப்படை என இருவகைப்படுத்துகிறது. இவ்விடங்களில் வெளிப்படை என்பது கேட்போரை முன்னிறுத்திய கருத்தாக்கம்: கேட்போருக்குப் பொருள் நேரே சென்று சேர்வதே அதன் அளவுகோல்.

அகப்பொருள் மரபு இதனினும் செறிவானது. களவு ஊரறியும் செய்தியாவது அம்பலாலும் அலராலும். களவியல் வரைவை, களவு வெளிப்பட்ட பின் வரைதல், வெளிப்படுமுன் வரைதல் என இரண்டாக வகுக்கிறது. வெளிப்படுதல் நிகழும் ஊடகம் ஊராரின் வாய். அலர் எல்லாத் திணைக்கும் உரியதெனினும், பாக்கமும் கழியும் கானலும் களமாகும் நெய்தற் பாடல்களில் அது தொடர்ந்து ஒலிக்கிறது. கடற்கரைச் சிற்றூரில் எதுவும் நெடுநாள் மறைந்திராது என்பது அப்பாடல்களின் சமூக அடிப்படை.

அலரை முற்றும் நன்மையாகக் கொள்ளவும் இயலாது. அது தலைவியை வருத்துவது, இற்செறிப்புக்குக் காரணமாவது. எனினும், மறைந்திருந்த உறவு ஊரறிந்த பொறுப்பாக மாறுவதற்கு அதுவே தூண்டுகோல். வெளிப்பட்டபின் வரைவு நிகழ்ந்தாக வேண்டும். வெளிப்பாட்டிற்கும் கடப்பாட்டிற்கும் உள்ள இந்தப் பிணைப்பு ஒளியியல் உருவகத்தில் இல்லாதது.

3. பின்னொட்டு நிகழ்த்தும் மாற்றம்

பள்ளி அறிவியல் நூல்கள் கண்ணாடியை ‘ஒளி புகும் பொருள்’ என்கின்றன. ஆட்சியைக் குறிக்கையில் ‘வெளிப்படைத்தன்மை’ வழங்குகிறது; ‘ஒளிவுமறைவின்மை’யும் உண்டு. ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிப்பதைத் தமிழ் இரு துறைகளாகப் பிரித்திருப்பது நற்பேறு. ஆட்சிக்குக் கண்ணாடி உருவகத்தைத் தமிழ் ஏற்கவில்லை. தன் மரபிலிருந்தே சொல்லெடுத்தது.

ஆனால் அவ்வாறு எடுத்த சொல்லோடு ‘தன்மை’ சேர்ந்தது. ஆங்கிலப் பண்புப்பெயருக்கு ஈடுசெய்ய வந்த இப்பின்னொட்டு இலக்கணப்படி பிழையன்று. ஆயினும் அது ஒரு மாற்றத்தை நிகழ்த்துகிறது. ‘வெளிப்படுத்து’ என்னும் பிறவினை வினைமுதலையும் செயப்படுபொருளையும் வேண்டும். யாருக்கு என்னும் நான்காம் வேற்றுமை வினாவும் உடன் எழும். ‘வெளிப்படைத்தன்மை உறுதிசெய்யப்படும்’ என்னும் அறிக்கைத் தொடரில் இம்மூன்றும் இல்லை. செயப்பாட்டு வினையும் பண்புப்பெயரும் சேர்ந்து, வெளிப்படுத்தவேண்டியவரை வாக்கியத்திலிருந்து அகற்றிவிடுகின்றன.

இதனோடு ஒப்பிடுகையில் ‘தகவல் அறியும் உரிமை’ வலிமையான தொடர். ‘அறியும்’ என்னும் பெயரெச்சத்தில் அறிபவர் உள்ளார். 1997இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நடுவணரசாலும் இயற்றப்பட்ட சட்டங்களின் பயன், அறிய முனையும் குடிமக்களைச் சார்ந்தே அமைந்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகப்புரை ‘டிரான்ஸ்பரன்சி’யை நோக்கமாகக் கூறினும், அதன் 4ஆம் பிரிவு வினைகளால் ஆனது. பொது அதிகார அமைப்புகள் தாமே முன்வந்து தகவல்களை வெளியிடவேண்டும் என்றும், பரப்புகையில் வட்டார மொழியைக் கருத்திற்கொள்ளவேண்டும் என்றும் அது விதிக்கிறது. பரப்பும் வழிகளுள் பொது அறிவிப்பையும் சேர்க்கிறது.

4. எண்ணூர்: வரைபடமும் வெளியும்

கொசத்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகம் ஓதநீர் ஏறி இறங்கும் சதுப்பும் உப்பளமும் அலையாத்திச் செடிகளும் கொண்ட பரப்பு. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் முதலிய ஊர்களின் மீன்பிடித்தொழில் இதனைச் சார்ந்தது. அனல்மின் நிலையங்களும் 2001இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகமும் இதைச் சூழ்ந்துள்ளன. அத்துறைமுகமே இன்றைய காமராசர் துறைமுகம்.

1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்கீழ் உருவான தமிழகக் கடற்கரை மேலாண்மைத் திட்டத்திற்கு 1996இல் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒப்புதல் அளித்தது. அதன் வரைபடத்தில் கழிமுகம் காக்கப்படவேண்டிய பகுதி. பின்னாளில் புழங்கிய மற்றொரு வரைபடத்திலோ அப்பரப்பின் பெரும்பகுதி அவ்வாறு காட்டப்படவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்வழிப் பெறப்பட்ட ஆவணங்களைக் கொண்டு இம்முரண்பாடு 2017இல் பொதுவில் எழுப்பப்பட்டது.

இரண்டாவது வரைபடமும் தன்னளவில் ‘டிரான்ஸ்பரன்சி’ உடையதே. எல்லைக்கோடுகளும் வண்ணங்களும் கொண்டு, பார்ப்போருக்குத் தெளிவாகக் காட்சியளிக்கக்கூடியது. பதினெட்டாம் நூற்றாண்டின் ஒளிப்படத் துணியைப் போலவே, தீட்டப்பட்டதை அது காட்டியது. தீட்டியவரையும் தீட்டாது விட்டதையும் காட்டவில்லை. இரு வரைபடங்களையும் அருகருகே வைக்கும் செயல் நிகழ்ந்த பின்னரே மறைந்திருந்தது வெளிப்பட்டது. வெளிப்பாடு ஆவணத்தின் பண்பாக அமையாமல் சிலர் செய்த வினையாக அமைந்தது.

நில வகைப்பாட்டுச் சொல் ஒன்றும் இங்குக் கருதத்தக்கது. வரி விதிப்புக்குப் புறம்பாக, பொதுப்பயனுக்கென விடப்பட்ட நிலம் ‘புறம்போக்கு’. பேச்சுவழக்கில் அது வசைச்சொல்லாயிற்று. எண்ணூரைக் களமாகக் கொண்டு 2017இல் டி.எம்.கிருஷ்ணா பாடிய சென்னைப் புறம்போக்குப் பாடல் இப்பொருளிழிபையே வினாவிற்கு உட்படுத்தியது. எல்லார்க்கும் உரிய வெளி, யார்க்கும் உரியதல்லாத வெற்றிடமாகக் கருதப்பட்டதன் மொழிச்சான்று அச்சொல்.

5. அறிக்கையும் அலரும்

2017 சனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு போன்ற பாதிப்பு இல்லையெனத் துறைமுகத்தின் தொடக்க அறிவிப்பு கூறியது. கரையொதுங்கிய எண்ணெய்ப் படலத்தைத் திருவொற்றியூர், எர்ணாவூர்க் கரைகளில் இருந்தோர் கண்டனர். வாளிகளால் அதை அள்ளும் பணி பல நாள் நீடித்தது. 2023 திசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, உரத்தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் நெடியால் விழித்து வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

நிறமற்ற அவ்வளி கண்ணுக்குப் புலப்படாதது. ஒளியியல் நோக்கில் முழுமையான ‘டிரான்ஸ்பரன்சி’ உடையது. அதை வெளிப்படுத்தியவை மூக்கும் வாயும். ஒருவர் மற்றவரை எழுப்பிய குரலே அன்றிரவின் அறிவிப்பு. நெய்தல் ஊரில் மறைவை உடைக்கும் ஊடகமாக அகமரபு கண்ட ஊர்வாய், தொழிற்காலக் கடற்கரையிலும் அப்பணியைச் செய்கிறது. அன்று தலைவனுக்கு வரைவுக் கடப்பாட்டை உண்டாக்கிய அலருக்கு, இன்று நிறுவனங்களைக் கடப்பாட்டிற்கு உட்படுத்தும் ஆற்றல் தானாக வாய்ப்பதில்லை. அதற்குச் சட்டம் வேண்டும்.

அத்தகைய வாய்ப்பு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் ஓரளவு உள்ளது. பொதுமக்கள் கருத்துக்கேட்பின் இறுதியில் நடவடிக்கைச் சுருக்கத்தை அவையோருக்குப் படித்துக்காட்டி, வட்டார மொழியில் விளக்கவேண்டும் என அது விதிக்கிறது. இது குரல்சார்ந்த வெளிப்பாடு. ஆயினும் கூட்டத்திற்கு முன் வட்டார மொழியில் தரவேண்டியது மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் மட்டுமே. கழிமுகத்தில் வலைவீசுவோர் தம் தொழில் பற்றிய கணிப்புகளை முழுமையாகப் படிக்க ஆங்கிலம் அறிந்திருக்கவேண்டும். அறிக்கை எவர் பார்வைக்கும் திறந்திருக்கலாம். நன்னூல் வகுத்த பொருளில் அது வெளிப்படை ஆகாது.

6. ஒரு மறுப்பும் விடையும்

குரலை முதன்மைப்படுத்துவது ஆவணத்தின் மதிப்பைக் குறைக்கும் என்றொரு மறுப்பு எழலாம். வதந்தியும் ஊர்வாயின் விளைவே. எண்ணூர் நிகழ்வுகள் இம்மறுப்பின் நியாயத்தை ஏற்கச் செய்கின்றன. கழிமுகம் கழிமுகமே என்பதை மீனவர்கள் எக்காலமும் அறிந்திருந்தனர். அவ்வறிவு வழக்காட வலுப்பெற்றது 1996ஆம் ஆண்டு வரைபடத்தால். ஆவணமும் குரலும் ஒன்றையொன்று சரிபார்க்கும் இடமே வெளி. இராசசுதானில் 1990களில் ஊதியப் பதிவேடுகளை ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படித்த மக்கள் விசாரணைகள், தகவல் உரிமை இயக்கத்திற்கு வித்திட்டமையும் இவ்விணைப்பின் ஆற்றலுக்குச் சான்று.

முடிவுரை

‘டிரான்ஸ்பரன்சி’ காணும் கண்ணையும் ஊடுருவும் ஒளியையும் அடிப்படையாகக் கொண்டது. தமிழ் ‘வெளிப்படை’ சொல்வோரையும் கேட்போரையும் அதன்பின் எழும் கடப்பாட்டையும் உடன்கொண்டது. ‘வெளிப்படைத்தன்மை’ என்னும் கலைச்சொல்லைக் கைவிடவேண்டியதில்லை. அது வரும் ஒவ்வொரு தொடரையும் ‘வெளிப்படுத்து’ என்னும் வினைக்கு மீட்டு, யார், எதை, யாருக்கு, எம்மொழியில், எப்போது என வினவுவதே ஆய்வாளரின் பணி. கடலடிக் குழாய் செல்லும் கரையில் ‘எப்போது’ என்னும் வினாவுக்கு உரிய விடை, கசிவுக்கு முன் என்பதே. ஆட்சித்தமிழ் எழுவாயோடு எழுதப்படும்போதுதான் அவ்விடையைக் கேட்டுப்பெற இயலும்.