உப்பூரிலிருந்து ஒரு சுற்றுமடலை வாசித்தல்

மறைந்த போப்பு பிரான்சிஸ் அவர்கள் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'லௌதாத்தோ சி' என்னும் சுற்றுமடல் நம் சீர்திருத்தச் சபைகளின் பிரசங்க பீடங்களிலும் எடுத்தாளப்படுகிறது. அறுப்பின் பண்டிகையன்று அதைக் குறிப்பிட்டு, மரக்கன்று ஒன்றை நட்டு, வீடு திரும்புகிறோம். அதன் 165ஆம் பத்தியோ மரக்கன்றைப் பற்றியதன்று. நிலக்கரியை முதன்மையாகவும், எண்ணெயையும் எரிவாயுவையும் அதனை அடுத்தும், தாமதமின்றிப் படிப்படியாகக் கைவிடவேண்டும் என்கிறது. அவ்வாண்டு டிசம்பரில் நாடுகள் ஏற்ற பாரீஸ் உடன்படிக்கையில் நிலக்கரி என்னும் சொல்லே இல்லை. அதை நோக்க, இத்துணிவு போற்றத்தக்கது.

ஆயினும் அதே பத்தி, மாற்று வழிகள் பெருகும்வரை இரு தீமைகளில் சிறியதைத் தெரிந்துகொள்வது தகும் என்றும் இடங்கொடுக்கிறது. யாருக்குச் சிறியது? இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்கிவர, அதே மாவட்டத்தில் 1,600 மெகாவாட் நிலக்கரி நிலையத்தைச் சிறிய தீமை என்பது எளிதன்று. (கமுதிக்குச் சென்ற நிலத்தைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.)

அந்நிலக்கரி நிலையம் திட்டமிடப்பட்ட இடம் திருவாடானைக் கரையோரத்து உப்பூர். மீனவரும் விவசாயிகளும் எதிர்த்து நின்றனர். 2021 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. நானும் ஸ்தோத்திரம் செலுத்தினேன். பின்னர் மின் கழகம், ஏற்கெனவே ஓர் அனல்மின் நிலையம் எழும்பிவந்த உடன்குடிக்கே அத்திட்டத்தையும் மாற்றத் தீர்மானித்தது. அங்கும் வலை உண்டு, பனை உண்டு, நம் சபைகளும் உண்டு. அங்கே எரியும் நிலக்கரியின் கரியமில வாயு பாக் நீரிணைக் கடலை வேறு எவ்விதமாகவும் சூடாக்கப்போவதில்லை.

சுற்றுமடலின் அடிப்படைக் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. பூமியின் கூக்குரலும் ஏழையின் கூக்குரலும் ஒன்றே என்று அது நம்புகிறது. ஆதியாகமம் 4இல் சகோதரனின் இரத்தம் நிலத்திலிருந்தே கூப்பிடுவதால் அந்நம்பிக்கைக்கு வேத ஆதாரமும் உண்டு. ஆனால் உப்பூரில் அவை பிரிந்துவிட்டன. ஏழையின் குரல் ஓரளவு கேட்கப்பட்டது. பூமியின் குரலோ தெற்கே அனுப்பப்பட்டது. செல்வ நாடுகளின் கடனைப் பற்றி 51ஆம் பத்தி சரியாகவே பேசுகிறது. அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணராயிருக்க, இந்தியர் ஒருவரின் பங்கு 2 டன் அளவே. அந்த நியாயத்தை உடன்குடி மீனவரிடம் எப்படிச் சொல்வது?

2023இல் வந்த 'லௌதாத்தே தேயும்' இன்னும் கடுமையாகப் பேசுகிறது. இரு குரல்களும் பிரியுமிடத்தில் எதற்கு முதலில் செவிகொடுப்பது என்பதற்கு அதிலும் விடை காணேன்.