ஓர் ஏல அறிவிப்பும் நமது விமர்சனமும்

2022ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் இரண்டு செய்திகள் உலகெங்கும் ஒருங்கே பரவின. இலங்கை தான் செலுத்தவேண்டிய கடன் வட்டி 7 கோடி 80 இலட்சம் டொலரைச் செலுத்தத் தவறிவிட்டது என்பது ஒன்று. அதற்கென அளிக்கப்பட்ட முப்பது நாள் அவகாசம் முதல்நாளோடு முடிந்திருந்தது. 1955இல் செய்யப்பட்ட ஜேர்மன் பந்தயக் கார் ஒன்று 13 கோடி 50 இலட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று என்பது மற்றையது. டொலராக மாற்றிப் பார்த்தால் அந்த ஒரு காரின் விலை, ஒரு நாடு கட்ட இயலாமற்போன வட்டியைப்போல் ஒன்றே முக்கால் மடங்குக்கும் அதிகம்.

இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். உச்சமுனையைச் சேர்ந்த மாணவன் ஒருவன் எழுந்து, "அந்தக் கார் ஓடுமா, சேர்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கற்பிட்டிக்கு வடக்கே அவனது ஊருக்குப் படகேறித்தான் போகவேண்டும். அவன் அறிந்த எஞ்சின் படகின் பின்புறத்தில் மாட்டப்படுவது. மண்ணெண்ணெய் கிடைக்காமையால் அது அந்நாட்களில் கரையில் கிடந்தது. ஓடாத எஞ்சினுக்கு என்ன பெறுமதி என்று நன்கு தெரிந்தவன் கேட்ட கேள்வி அது.

இலக்கிய ஏட்டில் காருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஏல அறிவிப்பு என்பது நம் காலத்தின் ஓர் இலக்கிய வகை. அதற்குத் தலைவன் உண்டு, குலவரலாறு உண்டு, மெய்க்கீர்த்தி உண்டு. பெருங்கோடிகளைக் கைமாற்றும் சக்தி வாய்ந்த எழுத்தை விமர்சகன் படிக்காமல் விடுவது முறையாகாது.

குறித்த கார் மேர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனத்தின் 300 எஸ்.எல்.ஆர். கூபே. இரண்டே இரண்டு செய்யப்பட்டன. எட்டு உருளை கொண்ட மூன்று லீற்றர் இயந்திரம். மக்னீசியம் கலந்த உலோகத் தகட்டால் ஆன உடல். பறவை இறகுபோல் மேல்நோக்கித் திறக்கும் கதவுகள். அதனை உருவாக்கிய பொறியியலாளர் ருடோல்ஃப் ஊலன்ஹௌட்டின் பெயராலேயே அது வழங்கப்படுகிறது. 2022 மே 5ஆம் நாள், ஸ்டுட்கார்ட் நகரில் அந்நிறுவனத்தின் சொந்த அரும்பொருட்சாலையிலேயே, அழைக்கப்பட்டவர் மட்டும் நுழையக்கூடிய ஏலத்தில் அது விற்கப்பட்டது. வாங்கியவரின் பெயர் வெளியிடப்படவில்லை. செய்தவருள் ஒருவர் பெயர்தான் தெரியும். வாங்கியவர் பெயர் தெரியவே தெரியாது. நமது மெய்க்கீர்த்திகள் இந்த அளவுக்கு நாகரிகம் அடைந்திருக்கவில்லை!

இத்தகைய எழுத்து எதைப் பேசுகிறது என்பதைவிட, எதைத் தாழ்ந்த குரலில் சொல்லிக் கடக்கிறது என்பதே கவனிக்கத்தக்கது. 1955 ஜூன் 11ஆம் நாள் பிரான்ஸில் லெ மான் பந்தயத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த திறந்த கார் ஒன்று தடத்தைவிட்டு எகிறிப் பார்வையாளர் கூட்டத்துள் சிதறியது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மக்னீசிய உடல் வெள்ளொளி வீசி எரிந்தது. அவ்வாண்டின் இறுதியோடு நிறுவனம் பந்தயத்திலிருந்து விலகியது. அடுத்த ஆண்டுப் பந்தயங்களுக்கெனச் செய்யப்பட்ட கூபேக்கள் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. ஊலன்ஹௌட் தமது அலுவற் பயணங்களுக்கு அவற்றுள் ஒன்றைப் பயன்படுத்தினார். அருமை என்று இன்று விலை மதிக்கப்படுவதன் ஒரு பகுதி, ஒரு பெருஞ்சாவினால் நின்றுபோன ஓட்டத்தின் அருமை. இன்னும் பத்தாண்டு பின்னே சென்றால், 1944இல் அந்நிறுவனத்தின் ஆலைகளில் உழைத்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் கட்டாய உழைப்பாளரும் போர்க்கைதிகளும் வதைமுகாம்வாசிகளுமே.

நம் முகாமைச் சேர்ந்தோர் இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு, 'முதலாளித்துவச் சீரழிவு' என்று ஒரு முத்திரை குத்திவிட்டு எழுந்து போவார்கள். எனக்கு அது போதவில்லை. உண்மையைச் சொல்வதானால், அந்தக் காரின் படத்தைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து எடுத்து ஒரு நூலுக்குள் வைத்திருக்கிறேன். முன்சக்கரத்தின் மேல் எழுந்து கதவின் கீழ் தாழ்ந்து பின்புறத்தில் மெல்ல அடங்கும் அந்தக் கோடு அழகானது. அழகில்லை என்று கூறுவது பொய். பொய்யின்மீது எந்த முற்போக்கு விமர்சனமும் நிற்காது.

என் பழைய மாணவன் ஒருவன் கொழும்பில் ஒரு கராஜில் டிங்கரிங் வேலை செய்கிறான். பழைய ஜேர்மன் கூபே ஒன்றின் துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டியெடுத்துப் புதிதாக அடித்துப் பொருத்திய அனுபவத்தை ஒருமுறை எனக்கு விரித்துரைத்தான். "பழைய வண்டி வாங்கிறவர் பெயின்றைப் பார்க்கக்கூடாது, சேர். முழங்காலிலே நின்று கீழே பார்க்கவேணும். காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்திலே பட்டி பூசியிருக்கும்," என்றான். கடற்கரையில் வளர்ந்தவன், உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தத் தகட்டின் வளைவைக் கைகளால் காற்றில் வரைந்து காட்டியபோது அவன் முகத்தில் தோன்றியது பொறாமையன்று. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் வேலையை மதிக்கும் மதிப்பு. காரின் அழகைப்பற்றி நான் படித்த எந்த அறிவிப்பிலும் அதனைக் கண்டதில்லை.

நமது இலக்கியத்தில் கார் எவ்வாறு வந்திருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் அது பணக்காரனின் அடையாளச் சீட்டு; வாசலில் வந்து நிற்கும், கதவு திறக்கும், வேலை முடிந்துவிடும். 1966இல் வெளிவந்த ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேச'த்தில் மட்டும் அது ஒரு பொருளாக, இடமாக உயிர்பெறுகிறது. மழையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஏழை மாணவி அந்தப் பெரிய காரின் உட்புறத்தைக் கண்டு கொள்ளும் வியப்பை ஆசிரியர் ஏளனம் செய்யவில்லை. அவ்வியப்பு உண்மையாக இருப்பதனால்தான் அதன்பின் நேரும் கொடுமையும் உண்மையாகிறது. அவளுக்கு வியப்பில்லை என்று எழுதியிருந்தால் கதை ஒரு சுவரொட்டியாகியிருக்கும்.

மேலைநாட்டில் நம்மவர் போற்றும் பேர்டோல்ட் பிரெக்டும் இவ்விஷயத்தில் தூயவரல்லர். 1928இல் ஸ்டையர் என்ற ஒஸ்திரியக் கார்க் கம்பனிக்காக விளம்பரக் கவிதை எழுதி, கூலியாக ஒரு காரையே பெற்றுக்கொண்டார். மறு ஆண்டு அதை மரத்தில் மோதி உடைத்து, அந்த விபத்தையும் விளம்பரமாக்கி இன்னொரு கார் பெற்றார். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. காரின்மேல் ஆசை கொண்ட கவிஞன், அந்த ஆசை எப்படி விலைக்கு வாங்கப்படுகிறது என்பதையும் உள்ளிருந்தே அறிந்துகொண்டிருப்பான்.

ஏலத்தில் வந்த பணம் சுற்றாடல்பற்றிப் பயிலும் இளைஞருக்கு உதவித்தொகை வழங்கும் நிதியமாகும் என்று விற்றவர் அறிவித்தனர். இளைஞர் படிக்கட்டும், நல்லதுதான். ஆயினும் யார் படிக்கவேண்டும், எதைப் படிக்கவேண்டும் என்பதை ஓர் அரும்பொருட்சாலையின் மூடிய கதவுக்குள் நடக்கும் ஏலம் முடிவு செய்யும் உலகத்தை அவ்வறிவிப்பு இயற்கையானதாக்கிவிடுகிறது. அதன் உரைநடையில் மிகத் திறமையாகச் செய்யப்பட்ட பட்டிவேலை இந்தப் பகுதியே, காந்தம் ஒட்டவில்லை.

அந்த மாணவனுக்கு நான் மறுநாள் பதில் சொன்னேன்: ஓடும், மணிக்கு ஏறத்தாழ 290 கிலோமீற்றர் வேகத்தில் ஓடக்கூடியது, ஆனால் ஓட்டுவதற்காக அதை இனி யாரும் வாங்கமாட்டார்கள். "அப்ப எங்கட எஞ்சின் மாதிரித்தான்," என்றான் அவன். இம்முறை வகுப்புச் சிரிக்கவில்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. அதற்குப் பிறகு அவன் வாரத்தில் இரண்டு மூன்று நாட்களே பள்ளிக்கு வந்தான்.